பெருங்காயம் போல ஒரு ரம்! - ஜமைக்காவில் நாற்றம் மணமாகும் கதை

காரின் கண்ணாடியை இறக்கினாலே போதும். ஆலை கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுத்து வெடித்த பலாப்பழம், தோல் கறுத்துப்போன வாழைப்பழம், கொஞ்சம் நெயில் பாலிஷ், கொஞ்சம் ஊறுகாய் ஜாடி... எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டி, ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் ஹாம்ப்டன் எஸ்டேட்டின் வரவேற்பு.

ஜமைக்கா தீவின் வடமேற்கில் இருக்கிறது ட்ரெலானி. நம் ஊர் மாவட்டம் போல அங்கே 'பாரிஷ்'. இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மின்னல் வேக ஓட்டக்காரர் உசேன் போல்ட் பிறந்த ஷெர்வுட் கன்டென்ட் கிராமம் இதே ட்ரெலானியில்தான். வள்ளிக்கிழங்கு வகைகளுக்கும் பேர்போன மண். ஆனால், உலகம் முழுக்க உள்ள ரம் ரசிகர்கள் இந்த ஊரைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு. உலகிலேயே மிக அதிக வாசனை கொண்ட ரம் வடிக்கப்படும் இடங்களில் இரண்டு இங்கே இருக்கின்றன. ஒன்று ஹாம்ப்டன், இன்னொன்று லாங் பாண்ட்.

மான்டேகோ பே விமான நிலையத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹாம்ப்டனுக்குப் போய்விடலாம். கடலோர ஹோட்டல்களைத் தாண்டி உள்நாட்டுக்குத் திரும்பியதும் காட்சியே மாறிவிடுகிறது. இருபக்கமும் கரும்பு. தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். 'ஸ்பெயின் ராணியின் பள்ளத்தாக்கு' என்று இந்தப் பகுதிக்குப் பெயர். 1655-ல் ஆங்கிலேயர்கள் பிடிக்கும்வரை தீவு ஸ்பெயினிடம் இருந்ததன் மிச்சம் அந்தப் பெயர்.

சிலந்தி வலையைத் துடைக்காத ஆலை

ஹாம்ப்டன் எஸ்டேட்டின் வரலாறு 1753-ல் தொடங்குகிறது. ஊறல் போடும் கொட்டகைக்குள் நுழைபவர்கள் முதலில் கொஞ்சம் அதிர்ச்சி அடைவார்கள். பளபளக்கும் ஸ்டீல் தொட்டிகள், வெள்ளைக் கோட்டு போட்ட ஊழியர்கள் என்று எதிர்பார்த்து வந்தால், இருப்பது பழைய மரத் தொட்டிகள். உத்தரங்களில் சிலந்தி வலை. சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். சுத்தம் செய்ய ஆள் இல்லாமல் அல்ல, வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. இங்கே கடையில் வாங்கிய ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும், மரத்திலும், தொட்டியின் இடுக்குகளிலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் வேலைக்காரர்கள். கொட்டகையைக் கழுவித் துடைத்து வெள்ளையடித்தால், தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களை வெளியே துரத்தியது போல ஆகிவிடும்.

சாதாரண ஆலையில் ஊறல் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஹாம்ப்டனில் அது ஒரு வாரத்துக்கு மேல், சில வகைகளுக்கு இரண்டு வாரம் வரை போகும். தொட்டிகளில் கபகபவென்று நுரை பொங்கி, அடங்கி, மேலே பழுப்பு நிறத்தில் ஆடை படர்ந்திருக்கும். பக்கத்தில் நின்றால் கண் எரியும்.

உள்ளே போவது என்னென்ன? சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சும் மொலாசஸ், தண்ணீர். இதுவரை எல்லா ரம் ஆலையும் ஒன்றுதான். ஜமைக்காவின் வித்தை அடுத்து வருகிறது.

முதலில் 'டண்டர்'. ஒரு முறை வடித்து முடித்தபின் கொதிகலனின் அடியில் நிற்கும் கறுத்த, புளித்த கழிவு நீர்தான் அது. மற்றவர்கள் சாக்கடையில் ஊற்றுவதை இவர்கள் எடுத்துவைத்து அடுத்த ஊறலில் சேர்க்கிறார்கள். பழைய தோசை மாவில் ஒரு கரண்டியை எடுத்துவைத்துப் புது மாவில் கலக்கும் பாட்டிகளுக்கு இந்த ஐடியா புதிதாக இருக்காது. அதோடு, கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து எடுத்த காடியும் சேரும்.

அடுத்தது 'மக்'. தரையில் தோண்டிய குழி. டண்டரின் வண்டல், கரும்புச் சக்கை போன்றவை அதில் கிடந்து அழுகிக்கொண்டே இருக்கும். பலாப்பழம், வாழைப்பழம் எல்லாம் தூக்கிப் போடுவதுண்டு என்பார்கள். செத்த வௌவால், ஆட்டுத்தலை என்று பயமுறுத்தும் கதைகளும் உலவுகின்றன. அவற்றைச் சுற்றுலாக்காரர்களுக்கான மசாலா என்றே எடுத்துக்கொள்ளலாம். மசாலா இல்லாமலே அந்தக் குழியின் நாற்றம் போதுமானது.

கெட்டுப்போன வெண்ணெய், அன்னாசிப்பழமாகும் மாயம்

இவ்வளவு நாற்றத்தையும் கூட்டிவைத்து என்ன சாதிக்கிறார்கள்? ப்ளஸ் டூ வேதியியல் புத்தகத்தை ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர். பழங்களின் வாசனைக்குப் பெரும்பாலும் இந்த எஸ்டர்கள்தான் காரணம்.

குழியில் வாழும் பாக்டீரியாக்கள் உருவாக்கும் அமிலங்களில் ஒன்று பியூட்ரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெய், குழந்தை கக்கிய பால்... அந்த வாடைக்கெல்லாம் சொந்தக்காரர் இவர்தான். ஆனால், இதே அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் பியூட்ரேட் ஆகும்போது, அறை முழுக்க அன்னாசிப்பழம் மணக்கும்! வினிகரின் அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்தால் எத்தில் அசிடேட். சிறிய அளவில் பேரிக்காய் வாசனை, கூடினால் நெயில் பாலிஷ் வாசனை.

ஊறல் முடிந்ததும் அது செம்புக் கொதிகலனுக்குப் போகிறது. பக்கத்தில் 'ரிடார்ட்' எனப்படும் இரண்டு பாத்திரங்கள். கொதிகலனிலிருந்து வரும் ஆவி முதல் பாத்திரம், இரண்டாம் பாத்திரம் என்று குமிழியிட்டு ஏறிப் போகும். அந்தச் சூட்டில் அமிலமும் ஆல்கஹாலும் மேலும் கலந்து எஸ்டர் கூடுகிறது. கடைசியில் சொட்டுவது கண்ணாடி போலத் தெளிந்த திரவம். நிறமே இல்லை. முகர்ந்தால்தான் தெரியும், இத்தனை நாள் கொட்டகைக்குள் நடந்தது என்ன என்று.

இந்த வாசனையை ஜமைக்காக்காரர்கள் 'ஹோகோ' என்பார்கள். 'ஓ கூ' என்ற பிரெஞ்சு வார்த்தையின் மருவல். கொஞ்சம் வாடை ஏறிய வேட்டைக் கறியைக் குறிக்க இருந்த சொல் அது.

எஸ்டரின் அளவை, 100 லிட்டர் தூய ஆல்கஹாலில் எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் லேசான வெள்ளை ரம்மில் சில பத்து கிராம் இருந்தாலே அதிகம். ஜமைக்காவில் 700-க்கு மேல் போனால் 'கான்டினென்டல்' வகை. சட்டப்படியான உச்சவரம்பு 1,600. அந்த உச்சத்தைத் தொடுவது ஹாம்ப்டனின் 'டி.ஓ.கே.'.

அது என்ன டி.ஓ.கே.? பீப்பாயில் குத்தப்படும் முத்திரை எழுத்து. எஸ்டேட்டை நடத்திய கெல்லி லாசன் குடும்பத்தைச் சேர்ந்த டெர்மட் ஓவன் கெல்லியின் முதலெழுத்துகள்தான் அவை. எல்.ஆர்.ஓ.கே., ஓ.டபிள்யூ.ஹெச்., எல்.எஃப்.சி.ஹெச்., ஹெச்.எல்.சி.எஃப். என்று ஒவ்வொரு எஸ்டர் அளவுக்கும் ஒரு முத்திரை. வெளியாட்களுக்கு ரயில்வே சங்கேதம் போலத் தோன்றும். தெரிந்தவர்களுக்கு எழுத்தைப் பார்த்தாலே நாக்கில் ருசி வந்துவிடும்.

பெயரில்லாமல் கப்பலேறிய ரம்

சரி, அவ்வளவு கடுமையான ரம்மை யார் குடித்தார்கள்? நேரடியாக யாருமே இல்லை என்பதுதான் பதில்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகியது. குறிப்பாக ஜெர்மனியில். கரும்புச் சர்க்கரையின் விலை சரிய, ஜமைக்காவின் எஸ்டேட்டுகள் தள்ளாடின. அதே ஜெர்மனிதான் இன்னொரு பக்கம் கை கொடுத்தது. டென்மார்க்கிடமிருந்து 1864-ல் கைமாறிய ஃப்ளென்ஸ்பர்க் நகரத்துக்கு ரம் என்றால் உயிர். டேனிஷ் தீவுகளிலிருந்து வந்த சரக்கு தடைப்பட, வியாபாரிகள் ஜமைக்கா பக்கம் திரும்பினார்கள். இறக்குமதி வரி உயர்ந்தபோது ஒரு யோசனை செய்தார்கள். நிறைய ரம் வாங்கினால்தானே நிறைய வரி? பத்து பீப்பாய் வாசனையை ஒரே பீப்பாயில் அடைத்து அனுப்பச் சொன்னால்?

அப்படி வந்த ரம்மை உள்ளூரில் வடித்த வாசனையில்லாத ஆல்கஹாலில் கலந்து 'வெர்ஷ்னிட்' என்று விற்றார்கள். இன்றைய விதிப்படியும் அதில் உள்ள ஆல்கஹாலில் 5 சதவீதம் ரம்மிலிருந்து வந்தால் போதும். மிச்சம் 95-க்கும் சேர்த்து மணம் கொடுக்க வேண்டியது அந்த ஐந்துதான்.

நம் சமையலறைக் கணக்கில் சொன்னால், இது பெருங்காயம். கட்டியை அப்படியே வாயில் போட்டால் ஓடிவிடுவோம். ஒரு சிட்டிகை சாம்பாரில் விழுந்தால் தெருக்கோடி வரை மணக்கும். ஜமைக்கா, ஐரோப்பாவின் பெருங்காய டப்பாவாக இருந்தது. ரம் பாட்டிலுக்கு மட்டுமல்ல. மிட்டாய்க்கும், கேக்குக்கும் வாசனை கொடுக்க இந்தச் சரக்கு போனது.

ஆனால், எந்த பாட்டிலிலும் ஹாம்ப்டன் என்ற பெயர் இருக்காது. பீப்பாய் கணக்கில் ஆம்ஸ்டர்டாம் தரகர்களிடம் போகும். அங்கே கலக்கப்படும், வேறு பெயர் ஒட்டப்படும். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ரம் வடித்த ஓர் எஸ்டேட், தன் பெயரில் பீப்பாயில் முதிர்ந்த ரம்மை உலகச் சந்தையில் வெளியிட்டது எப்போது தெரியுமா? 2018-ல்!

நடுவில் எஸ்டேட் நொடித்து அரசின் கைக்குப் போய், 2009-ல் ஜமைக்காவின் ஹஸ்ஸி குடும்பம் வாங்கியது. சரக்கை மொத்தமாக அனுப்பிவிடாமல் சில பீப்பாய்களைத் தீவிலேயே முதிர வைத்தார்கள். இத்தாலியின் வெலியர் நிறுவனத்தோடு சேர்ந்து 46 சதவீதம், 60 சதவீதம் ஆல்கஹால் என இரண்டு பாட்டில்கள் வந்தன. சர்க்கரையோ, நிறமோ சேர்க்காதவை. ரம் உலகம் அவற்றைக் கொண்டாடியது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. 1753-ல் இங்கே கரும்பு வெட்டியதும், மொலாசஸ் காய்ச்சியதும், அந்தக் குழியைக் கிளறியதும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் சாம் ஷார்ப் தலைமையில் தொடங்கிய கிளர்ச்சி மேற்கு ஜமைக்கா முழுக்கப் பரவியது. எஸ்டேட்டுகள் எரிந்தன. 1832-ல் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். முழு விடுதலை 1838-ல்தான் கிடைத்தது. அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகளின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. 1845 மே மாதம் 'ப்ளண்டெல் ஹன்டர்' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் கொஞ்சம் பேர் உண்டு.

டி.ஓ.கே. என்ற மூன்றெழுத்தில் ஒரு முதலாளியின் பெயர் நிலைத்துவிட்டது. குழியின் கலவையை முதலில் கண்டுபிடித்த கைகளுக்கு எந்த முத்திரையும் இல்லை.

மூக்கைக் கவிழ்க்காதீர்கள்!

ஆலைச் சுற்றுலாவின் முடிவில் சுவை பார்க்கும் மேஜை. (மது உடல்நலத்துக்குத் தீங்கு என்பது ஜமைக்காவிலும் மாறாது. அங்கே 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியும் இல்லை.) முதல்முறை வருபவர்கள் செய்யும் தவறு, ஒயின் போல நினைத்துக் கோப்பைக்குள் மூக்கைக் கவிழ்ப்பது. 60 சதவீத ஆல்கஹால் சுளீரென்று அடிக்கும். பிறகு அரை மணி நேரத்துக்கு மூக்குக்கு எதுவும் தெரியாது.

கோப்பையை மோவாய் அருகே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல முகர வேண்டும். முதலில் வருவது பெயின்ட் கடை. பயந்துவிடக் கூடாது. ஒரு நிமிடம் கழித்து அன்னாசி, வாழை. அப்புறம் உப்புநீரில் ஊறிய ஆலிவ் காய். பண்ருட்டிச் சந்தையில் ஜூன் மாதம் நடந்திருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு வசதி உண்டு. இந்த வாசனையின் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் புதுப்புது வாசனைகள் எழும்பும். ஒரு வாய் என்பது அரை டீஸ்பூன்தான். நாக்கில் சுற்றவிட்டு விழுங்கிய பிறகும் பல நிமிடங்களுக்கு வாழைப்பழம் போகாது. குறைந்த எஸ்டரில் தொடங்கி மேலே போக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. டி.ஓ.கே-யை முதலில் தொட்டவருக்கு மற்றதெல்லாம் வெந்நீர் போலத்தான் இருக்கும்.

பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கோப்பையைக் கீழே வைப்பவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கலப்பதில் இருக்கிறது சூட்சுமம்

இந்த ரம்மின் உண்மையான குணம் கலவையில்தான் வெளிப்படுகிறது. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த டைக்கிரி என்ற எளிய பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மில்லி லேசான ரம்மில் 5 மில்லியை மட்டும் குறைத்து, அந்த இடத்தில் அதிக எஸ்டர் ரம்மை வைத்தால் போதும். பழமே போடாமல் பழ வாசனை வந்துவிடும். பத்து மில்லி ஆனால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பெருங்காயக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

புளிப்பு, இனிப்பு, உறைப்பு மூன்றும் இதற்கு ஏற்ற துணைகள். எலுமிச்சை, அன்னாசிச் சாறு, இஞ்சி, ஜாதிக்காய். பால், வெனிலா பக்கம் போனால் சண்டை வரும். ஜமைக்காவின் பழைய பஞ்ச் வாய்ப்பாடு ஒன்று: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நான்கு. 'பஞ்ச்' என்ற சொல்லே நம் ஊர் 'பஞ்ச'த்திலிருந்து, ஐந்து பொருள் சேர்வதால் வந்தது என்று சொல்வதுண்டு.

அமெரிக்காவில் 1944-ல் பிறந்த புகழ்பெற்ற மை டாய்க்கும் அடித்தளம் ஜமைக்கா ரம்தான். 'ட்ரேடர் விக்' என்ற உணவகக்காரர் 17 வயதான ரே அண்ட் நெஃப்யூ ரம்மை வைத்து அதை உருவாக்கினார். பானம் பிரபலமானது, கையிருப்பு தீர்ந்தது. பிறகு ஜமைக்கா ரம்மோடு மார்ட்டினிக் ரம்மைக் கலந்து அந்தச் சுவையைத் துரத்த வேண்டியிருந்தது.

உள்ளூர்க்காரர்கள் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. தெருமுனை ரம் கடையில் 63 சதவீத வெள்ளை ரம், 'டிங்' என்ற பம்ப்ளிமாஸ் சோடா, ஐஸ். முடிந்தது. வெள்ளை ரம் அங்கே குடிப்பதற்கு மட்டுமானதும் அல்ல. ஜலதோஷம் என்றால் நெஞ்சில் தேய்ப்பார்கள். புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது மண்ணில் தெளிப்பார்கள். ஒருவர் இறந்தால் ஒன்பதாம் இரவு வரை நடக்கும் சடங்கில், போனவருக்கென்று முதலில் தரையில் கொஞ்சம் ஊற்றுவார்கள். கிறிஸ்துமஸ் என்றால், ரம்மில் ஊறிய உலர்பழங்களோடு கறுப்பு கேக். கூடவே இஞ்சி தட்டிப்போட்ட சிவப்பு 'சாரல்' பானம். அந்தச் சாரல், நம் புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடியின் புல்லிவட்டம்தான். குழந்தைகளுக்கு ரம் இல்லாத ஜாடி தனியாக இருக்கும்.

எங்கே பழுத்தால் ஜமைக்கா ரம்?

ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேல் இருந்த வடிசாலைகளில் இன்று ஜமைக்காவில் மிஞ்சியவை ஆறு. அந்த ஆறுக்குள்ளும் ஒரு சண்டை எழுந்தது.

பழனி பஞ்சாமிர்தத்துக்கு இருப்பது போல, ஜமைக்கா ரம்முக்கும் 2016 முதல் புவிசார் குறியீடு உண்டு. ஜமைக்காவில் வடித்து, ஐரோப்பாவின் குளிர்ந்த கிடங்கில் முதிர வைத்த ரம்மையும் 'ஜமைக்கா ரம்' என்று விற்கலாமா என்பதுதான் சண்டை. கூடாது என்கிறது ஒரு தரப்பு. 2024-ல் அந்நாட்டின் அறிவுசார் சொத்து அலுவலகம் இந்தப் பக்கம் சாய்ந்து, தீவிலேயே முதிர வைக்க வேண்டும் என்று விதியைத் திருத்தியது. லாங் பாண்டை வைத்திருக்கும் நேஷனல் ரம்ஸ் ஆஃப் ஜமைக்கா இதை எதிர்த்தது. ஜமைக்கா அரசோடு, கயானா நிறுவனம் ஒன்றுக்கும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது. கப்பலேற்றி அனுப்பி வெளிநாட்டில் முதிர வைப்பதும் பல நூற்றாண்டுப் பழக்கம்தான் என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் சொல்லும் வரலாறு பொய்யில்லை. ஆனால், அந்தப் பழக்கத்தில்தான் லாபமும் பெயரும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஃப்ளென்ஸ்பர்க்குக்கும் போனது. ட்ரெலானிக்கு மிஞ்சியது குழி மட்டும்.

தீவில் முதிர வைப்பது செலவான வேலை. வெயிலில் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். ஏழெட்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றுக்கே. கிடங்கின் சுவரில் படிந்திருக்கும் கறுப்புப் பூசணம் அந்த ஆவியைத் தின்றுதான் வளர்கிறது.

சுற்றுலா வழிகாட்டிகள் அந்தச் சுவரைக் காட்டுகிறார்கள். தொட்டியைக் காட்டுகிறார்கள், செம்புக் கொதிகலனைத் தொட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். மக் குழி இருக்கும் பக்கம் மட்டும் யாரையும் அழைத்துப் போவதில்லை. காற்று திசை மாறும்போது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது.